மாமா தும்மினால் பூட்டு வரும்

கேப் கோஸ்ட்
5 மார்ச் 2003

டுவுமாசிக்கு,

எத்தனை தடவை அடித்தாலும் நீ செல்போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன், அதனால் எடுக்காமல் இருந்ததே உனக்கு நல்லது. குமாசி பஸ் ஓட்டுகிறவர், நான் வந்து ஒதுங்கியிருக்கிற என் அக்காவுக்கு வேண்டியவர். கடிதத்தை உன் கையில்தான் கொடுப்பேன், குடும்பத் தலைவர் ஒச்செரேயின் கையில் கொடுக்கமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் மாமாவைப் புதைத்த மண்ணில் ஈரம் காயவில்லை. சனிக்கிழமை அடக்கம். ஞாயிறு காலை தேவாலயத்தில் நன்றி வழிபாடு. என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பாடினாய். பாட்டு முடிவதற்குள் எழுந்து போனாய். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது, பிள்ளை தனியாக அழட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹால் கதவில் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் நீ. "அத்தை, குடும்பம் கூடி முடிவு பண்ற வரைக்கும் இப்படியே கெடக்கட்டும்" என்கிறாய், என் முகத்தைப் பார்க்காமல்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தக்காளிக்காரி டிவாவும் தையற்கடைப் பெண்களும் தெருவில் கூடிவிட்டார்கள். நீ பூட்டோடு நிற்கிறாய், நான் கறுப்புத் துணியில் அழுகிறேன். செத்துப்போன உன் மாமா அம்பொன்சாவுக்கு மரியாதை செய்ய நாம் இரண்டு பேரும் பழைய டிவி நாடகத்தை நடித்துக் காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். "செர்வா, உலக்கையை எடு, அவன் மண்டையில ஒண்ணு வையி" என்று டிவா கத்தினாள். ஒவ்வொரு ஞாயிறும் நாடகத்தில் நான் அதைத்தானே செய்தேன். அழுகை நிஜம் என்று அவளுக்குப் புரிவதற்குள் நீ என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாய். அதில் என் ரத்த அழுத்த மாத்திரை இல்லை, பைபிள் இல்லை. ஒற்றைச் செருப்பு இருந்தது.

உன் மாமா அந்த நாடகத்தை எதற்கு எழுதினார்? மாமா தும்மினால் மருமகன் பூட்டோடு வருவான், அவ்வளவுதான் கதை. கணவனாக அவர், மனைவியாக நான், பேராசை பிடித்த மருமகனாக நீ. ஆண்பிள்ளை செத்தால் சொத்து அவன் அக்கா தங்கையின் பிள்ளைகளுக்கு, கூட வாழ்ந்தவளுக்கு நடுத்தெரு என்கிற நம் வழக்கத்தைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும், சிரித்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்படட்டும் என்றுதான் எழுதினார். சிரித்தார்கள். வெட்கப்பட்டவர் எத்தனை பேரோ, அதில் நீ இல்லை என்று தெரிந்துவிட்டது.

உன் அம்மா போனபோது மூக்கொழுக நம் வீட்டுக்கு வந்தாய். எனக்குப் பிள்ளை இல்லை, உன்னைத்தான் குளிப்பாட்டினேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனை நான்தான் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

முப்பதாம் தேதி ஞாயிறு குடும்பம் கூடி வீட்டை முடிவு செய்யப்போகிறதாம். மாமாவின் இடத்தில் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள், நீ ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். எனக்கு வேண்டியது என் வீடு. என் சமையல்கட்டில் நின்று என் சட்டியில் சமைத்து, என் கட்டிலில் சாகவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

செர்வா


குமாசி
11 மார்ச் 2003

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மாத்திரையையும் இன்னொரு செருப்பையும் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். பைபிளைத் தேடினேன், அகப்படவில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டியது நான் இல்லை, குடும்பம். கைதான் என்னுடையது. அடக்கம் முடிந்த அன்றே பெரியவர் ஒச்செரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாரிசு நீ. நீ பூட்டலைன்னா வேற யாராவது பூட்டுவான், அவன் உங்கிட்டயும் சாவி குடுக்கமாட்டான்" என்றார். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எண்பத்தைந்தில் வந்த சட்டத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கிறது என்று தெரியும். கணவன் சம்பாதித்த வீடு மனைவிக்கு என்று அது சொல்கிறது, சரி. க்வாடாசோவில் நம் வீடு நிற்கிற மண் மாமா வாங்கியதில்லை. குடும்ப மண். குடும்ப மண்ணில் ஒருவன் மாளிகையே கட்டினாலும் அவன் இருக்கும் வரைதான் அவனுடையது, அதற்குப் பிறகு குடும்பத்துடையது. இது உங்களுக்கும் தெரியும். பெரியவர் கூட்டத்தில் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்: "சமைச்சவளுக்குச் சட்டி, பொறந்தவனுக்கு வீடு." நம் முன்னோர் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

உங்களைத் தெருவில் விடமாட்டோம். பின்கட்டில் சமையலறையை ஒட்டி ஓர் அறை தரலாம் என்று பேச்சு இருக்கிறது. ஒத்துக்கொண்டால் நான் பேசி முடிக்கிறேன்.

இன்னொரு விஷயம். டிவி நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். பழைய ஒளிநாடாக்களில் முக்கால்வாசியை அப்போதே அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்களாம். மிச்சம் கிடைத்ததைத் துடைத்து எடுத்து மறுபடி ஒளிபரப்பப்போகிறார்கள். நம் நாடகத்தில் ஒரே ஒரு பாகம் தப்பியிருக்கிறது, அதையும் முப்பதாம் தேதி மாலையே போடுகிறார்களாம். நடித்தவர்களில் ஒருவராவது சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். துக்க வீட்டில் சிரிப்பா என்று பெரியவர் மறுத்துவிட்டார். நீங்களும் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்ப மானத்துக்காகக் கேட்கிறேன்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

டுவுமாசி


கேப் கோஸ்ட்
15 மார்ச் 2003

டுவுமாசிக்கு,

செருப்பு வந்தது. நன்றி.

உன் கடிதத்தை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'சமைச்சவளுக்குச் சட்டி, பொறந்தவனுக்கு வீடு' என்ற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முன்னோர் வாக்காம். எந்த முன்னோர்? என் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து, நிலக்கடலைக் குழம்பில் ஃபுஃபுக் களியைத் தோய்த்துத் தின்றுகொண்டே உன் மாமா எழுதிய வசனம் அது. ஒரு முட்டாளின் வாயில் போடுவதற்காக எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் சொல்லிக் காட்டி, குழம்பு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். நீதான் டிவியில் அதைச் சொன்னாய். அதையே இன்று ஒச்செரே தாடியைத் தடவிக்கொண்டு நம் பாட்டன்மார் சொன்னதாகச் சொல்கிறார், நீ தலையாட்டிக்கொண்டு எனக்கு எழுதுகிறாய். திருடனைக் கேலி செய்ய எழுதியதை வைத்துத் திருடன் பாடம் படித்துவிட்டான்.

துக்க வீட்டில் சிரிப்பு கூடாதென்று ஒச்செரே கவலைப்படுகிறாராம். அடக்கத்தன்று பீர் பெட்டிமேல் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. தப்பிய பாகம் எதுவென்று அவருக்குத் தெரியும். உனக்கும் தெரியும், அதனால்தான் அது எதுவென்று நீ எழுதவில்லை. வீட்டைக் கொடுக்கிற பாகம்.

ஸ்டூடியோ கூரை ஒழுகுகிறதென்று நம் ஹாலிலேயே படம் பிடித்தோம். பெரியவர்களாக நடிக்க வெளியாட்களுக்குக் கொடுக்க நிலையத்தில் காசு இல்லை, அதனால் உன் மாமா சொந்தக் குடும்பப் பெரியவர்களையே அழைத்தார். டிவியில் முகம் வரும் என்றதும் ஒச்செரே புதுத் துணி சுற்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார். கதை உனக்கு நினைவிருக்கும். மருமகனின் தொல்லை தாங்காமல் கணவன் உயிரோடு இருக்கும்போதே பெரியவர்களைக் கூட்டி வீட்டை மனைவிக்குக் கொடுத்துவிடுகிறான். மனைவி நன்றிக்கு ஷ்னாப்ஸ் சாராயம் வைக்கிறாள். பெரியவர்கள் குடிக்கிறார்கள். குடித்துவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான், குடித்த வாய் பிறகு மறுக்கக்கூடாது. நீ பூட்டோடு ஓடிவந்து 'மறுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, கையில் கிளாஸைக் கொடுத்ததும் சும்மா கிடைத்த ஷ்னாப்ஸைக் கண்டு எல்லாம் மறந்து குடித்துவிடுகிறாய். நாடு முழுக்க வயிறு வலிக்கச் சிரித்தது.

மற்ற பாகங்களில் பாட்டிலில் தண்ணீர்தான் இருக்கும். அன்று நிஜமான ஷ்னாப்ஸ். ஏன் என்று கேட்டேன். "பெரியவங்களுக்குத் தண்ணி குடுத்தா அவங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றார். கேமரா ஓடும்போது அவர் நாடகத்துப் பெயரைச் சொல்லவில்லை. "அம்பொன்சா ஆகிய நான் என் மனைவி செர்வாவுக்கு இந்த க்வாடாசோ வீட்டைக் கொடுக்கிறேன், குடும்பம் சம்மதிக்கிறதா" என்றார். வசனத்தில் தடுமாறிவிட்டார் என்று கேமராக்காரர் மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், இதே போதும் என்றார். பிறகு எத்தனையோ தடவை உயில் எழுதச் சொல்லி நச்சரித்தேன். "எல்லாம் குடுத்தாச்சு, போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் என்ன சொன்னார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

மண் குடும்பத்துடையதாக இருக்கட்டும். குடும்பம் சம்மதித்துக் குடித்திருக்கிறது. ஒச்செரே குடித்தார், நீயும் குடித்தாய். அதை நீ கூட்டத்தில் சொல்லவேண்டும். குடித்த மற்றவர்கள் செத்துவிட்டார்கள், மிச்சம் நீங்கள் இருவர்தான், ஒச்செரே சொல்லமாட்டார்.

கையெழுத்தைப் போன வாரமே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

செர்வா


குமாசி
20 மார்ச் 2003

அத்தைக்கு,

நாடகத்தில் குடித்ததற்கெல்லாம் நான் பொறுப்பா? அப்படியானால் நாடகத்தில் மாமா மூன்று தடவை செத்தாரே, அப்போதே அடக்கம் செய்திருக்கவேண்டும். அன்று குடித்தது நான் இல்லை. அவன், அந்த நாடகத்துப் பூட்டுக்காரன்.

அவனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? உங்களை மார்க்கெட்டில் கட்டிப்பிடித்து வாழைக்காய்ச் சீப்பைச் சும்மா கொடுத்தார்கள். எனக்குத் தக்காளி விற்கமாட்டார்கள். புளித்த சோள மாவுக் கென்கி உருண்டையை என் முதுகில் எறிந்தார்கள். நான் சுவாமேயில் வண்டி உதிரிபாகக் கடை வைத்தபோது பெயர்ப்பலகையில் என் பெயரை எழுதினேன், ஒரு வாரத்தில் யாரோ அதன்மேல் பூட்டு வரைந்துவிட்டுப் போனான். இன்றைக்கும் வண்டிக்காரன், "ஏ பூட்டு, கிளட்ச் பிளேட் இருக்கா" என்றுதான் கேட்கிறான். கொனாடு என்று ஒரு பெண் இருந்தாள், மறந்திருக்க மாட்டீர்கள். பெண் கேட்கப் போனால் அவள் அப்பா, "பூட்டுக்காரனுக்குப் பொண்ணா? நான் தும்மினா என் வீட்டையும் அளக்க வருவான்" என்றார். அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு தடவை மாம்போங்கிலிருந்து ஒரு குடும்பமே வண்டி பிடித்து வந்தது. செத்துப்போன தங்கள் ஆளின் வீட்டைப் பூட்ட நான் வரவேண்டுமாம். "நீங்க வந்து பூட்டினா அந்தப் பொம்பளை சண்டை போடமாட்டா, சிரிச்சுட்டுப் போயிடுவா" என்றார்கள். மாமா இதைத்தான் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தாரா என்று அவரிடமே போய்க் கேட்டேன். "சிரிப்பு மருந்து மாதிரிடா, சிலருக்கு ஒத்துக்காது" என்றார். அவருக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார். முகம் என்னுடையதல்லவா?

பத்தொன்பது வயதில் என் முகத்தை எடுத்து ஒரு திருடனுக்குக் கொடுத்துவிட்டார் மாமா. ஏன் என்னை? ஊரில் வேறு ஆள் இல்லையா? என்னைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் தோன்றியதா? கேட்க நினைத்து நினைத்துக் கேட்காமலே அவரைப் புதைத்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பூட்டுக்காரன் என்று முடிவு கட்டிய பிறகு, பூட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. பன்டாமாவில் இன்றுவரை ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அந்த வீட்டில் வளர்ந்தவன் நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். குடும்பத்து இளவட்டங்கள் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் தலையை மொட்டையடிக்கவேண்டும் என்று ஒருவன் பேசினான். அவர்களை அடக்க என்னால் முடியாது.

டுவுமாசி


கேப் கோஸ்ட்
25 மார்ச் 2003

டுவுமாசிக்கு,

கொனாடுவின் அப்பா வீட்டுக்கு உனக்குப் பிறகு நான் போனேன். உனக்குத் தெரியாது. அந்த ஆள் என்னையும் பார்த்துச் சிரித்தார். வாசலிலேயே நின்று என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். உன் முகத்தை மாமா எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். அது அவர் சொல்லவேண்டிய பதில். உனக்கு நடந்தது அநியாயம்தான். அதை என்மேல் இறக்கி வைப்பதும் அநியாயம்தான்.

நான் வரமாட்டேன். அக்கா கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாலும் படுத்துக்கொள்வாள். நாடகத்தை இங்கேயே பார்க்கிறேன்.

நீ ஹாலைத் திற. க்வாடாசோவில் டிவி இருக்கிற வீடு ஞாயிறு சாயங்காலம் கதவைச் சாத்தியதில்லை. அந்தத் தெரு முழுக்க நம் ஹாலில் உட்கார்ந்துதான் அந்த நாடகத்தைப் பார்த்தது, இப்போதும் வரும். டிவாவை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப ஒச்செரேவுக்கும் தைரியம் கிடையாது. எல்லோரும் பார்க்கட்டும். பார்த்த பிறகு அவர் கேட்பார், 'நாடகம்தானே' என்று. அப்போது நீ என்ன சொல்கிறாயோ அதுதான் எனக்கு வீடு.

செர்வா


கேப் கோஸ்ட்
31 மார்ச் 2003

டுவுமாசிக்கு,

நேற்று நாடகம் முழுவதையும் பார்த்தேன். அக்கா வீட்டில் நிற்க இடமில்லாமல் கூட்டம். ஒச்செரே கருகருவென்ற தாடியோடு கிளாஸைத் தூக்கி ஒரே மடக்காகக் குடிக்கிறார். குடித்துவிட்டு இன்னொன்று கேட்கிறார், அது வசனத்திலேயே இல்லை. நீ குடிக்கிறாய். இதைப் பார்த்த பிறகு யாருக்கு என்ன சந்தேகம் வரமுடியும்?

முடிந்ததும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு அழைப்பும் இல்லை. இன்று காலையும் இல்லை. உன் எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறாய். பார்த்தபிறகும் நீ வாயைத் திறக்கவில்லை, அப்படித்தானே. உன்னை நீயே பார்த்தாய், உன் தொண்டை அசைவதைப் பார்த்தாய், அதற்குப் பிறகும் அது நான் இல்லை என்று சொல்லியிருக்கிறாய்.

கடைசிவரை உன்மேல் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நாளை வக்கீலைப் பார்க்கிறேன். ஒச்செரேயின் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் வரும். இனி எழுதமாட்டேன், நீயும் எழுதாதே.

செர்வா


குமாசி
31 மார்ச் 2003

அத்தைக்கு,

போனில் சார்ஜ் இல்லை, இந்தப் பக்கம் நேற்று மாலையிலிருந்து கரண்ட் இல்லை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். நாங்கள் நாடகத்தைப் பார்க்கவில்லை.

ஹாலைத் திறந்தேன். நீங்கள் சொன்னதால் திறந்தேன் என்று நினைக்கவேண்டாம், டிவா தெருவையே திரட்டிக்கொண்டு வந்து, பாயை விரித்து உட்கார்ந்து, "கதவைத் திறக்கறியா, நாங்க ஜன்னல்ல ஏறணுமா" என்று கேட்டாள். பெரியவர் முணுமுணுத்தார், ஆனால் அத்தனை பேருக்கு எதிரில் மறுக்கவில்லை. குடும்பம் நாற்காலிகளில், தெரு தரையில். பழைய பாட்டு ஆரம்பித்தது, மாமாவின் பெயர் திரையில் வந்தது, அவர் தும்முகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். தெரு முழுக்க இருட்டு.

பெரியவர் லாந்தரைக் கொண்டுவரச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா, அம்பொன்சாவுக்கே இது பிடிக்கலை. எல்லாரும் கெளம்புங்க, குடும்பம் பேசணும்" என்றார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை, யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

டிவா எழுந்திருக்கவில்லை. இருட்டில் உட்கார்ந்தபடியே, "தும்மினதுக்கு அப்புறம் செர்வா என்ன சொல்லுவா?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். தையற்கடைக்காரி சொன்னாள். உங்கள் குரலிலேயே சொன்னாள் அத்தை. அதற்கு மாமாவின் பதிலை மூலையிலிருந்து மெக்கானிக் ஒருவன் சொன்னான். அப்புறம் யார் எதைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஹால் முழுக்க நாடகம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு வசனம் விடவில்லை. மாமா வீட்டைக் கொடுக்கிற இடம் வந்தபோது எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். "அம்பொன்சா ஆகிய நான் என் மனைவி செர்வாவுக்கு" என்றார்கள். நாடகத்துப் பெயரை யாருமே சொல்லவில்லை. அத்தனை வருடமும் அவர்களுக்கு அது சரியாகவே ஞாபகம் இருந்திருக்கிறது.

அடுத்தது என் வசனம். சத்தம் நின்றுவிட்டது. என் வசனத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எனக்காகக் காத்திருந்தார்கள். டிவா, கூட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஷ்னாப்ஸை ஊற்றி என் கையில் கொடுத்தாள். பெரியவர் என் காதருகே குனிந்து, "மறுக்கிறேன்னு சொல்லு. சொல்லிட்டுக் கிளாஸைக் கீழ வையி. வீடு உன்னுது" என்றார். அது நாடகத்து வசனம்தான். ஆனால் குடும்பம் கூடியிருக்கிறது, நான் வாரிசு, பெரியவர் பக்கத்தில் இருக்கிறார். நான் சொன்னால் அது நிஜமான மறுப்பு.

என்னால் சொல்ல முடியவில்லை. கிளாஸைக் கீழே வைக்கவும் முடியவில்லை. பெரியவருக்குப் பொறுக்கவில்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரே கேட்டார்: "அன்னைக்குக் குடிச்சது நீயா, நாடகத்துல வர்ற அந்த முட்டாளா? ஒரு வார்த்தையில சொல்லிடு."

"அந்த முட்டாளுக்கு ஏது தொண்டை, பெரியவரே," என்றேன். "எறங்கினது என் தொண்டையில. உங்க தொண்டையிலயும்தான். நீங்க ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்தால் சிரிப்பதுதானே இந்தத் தெருவின் வழக்கம். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. குடும்பம் அவர் பின்னால் போய்விட்டது.

இன்று காலை ஆள் வந்தது. வாரிசு நான் இல்லையாம், வேறு ஒருவனை உட்கார வைத்துவிட்டார்கள். வாரிசுக்கென்று எனக்குப் போர்த்தியிருந்த மாமாவின் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். என் பெயர் குடும்பத்தில் இல்லை, நான் செத்தால் புதைக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டைப் பற்றி மட்டும் ஆள் ஒன்றும் பேசவில்லை. தெரு முழுக்கச் சாட்சியாக இருக்கும்போது அவர் பேசமாட்டார்.

நீங்கள் வந்து கதவைத் திறந்துகொள்ளலாம். சாவி டிவாவிடம். வரும்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

டுவுமாசி


கேப் கோஸ்ட்
3 ஏப்ரல் 2003

டுவுமாசிக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எழுதியதைக் கிழித்துப் போடு. கிழிக்காவிட்டாலும் சரி, அதில் பாதிக்கு நீ தகுதியானவன்தான். தேவாலயத்திலிருந்து நீ எழுந்து போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது.

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டப் பார்த்தேன். இருட்டில் எல்லோரும் வசனம் சொன்ன இடத்தில் தாளை அவளிடம் நீட்டிவிட்டேன். அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

உங்களுக்குக் கரண்ட் போய்விட்டது, எனக்குப் போகவில்லை. அதனால் இதை நான்தான் உனக்குச் சொல்லவேண்டும். நீ குடித்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பாயே, அதோடு அந்தப் பாகம் முடிந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். முடியவில்லை. கேமரா கொஞ்சம் நகர்ந்து உன் மாமாவிடம் போகிறது. அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடிக்கவில்லை டுவுமாசி, நடிக்கும்போது அவர் புருவம் ஏறும், எனக்குத் தெரியாதா? நீ முதல் தடவை கீழே விழாமல் சைக்கிள் ஓட்டியபோது வாசலில் நின்று பார்த்தாரே, அதே முகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒச்செரேயிடம் என்னவோ சொல்கிறார். இசை ஓங்கி ஒலிக்கிறது, பேச்சு சரியாகக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "என் பையன்" என்கிறார். ஊரில் வேறு ஆள் இல்லையா என்று கேட்டிருந்தாய். அவருக்கு வேறு ஆள் இல்லை. நீ அப்போது கிளாஸுக்குள் மூக்கை விட்டிருந்தாய், அதனால் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன் பழைய அறையில் மரவள்ளி மாவு மூட்டைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பன்டாமாவிலிருந்து உன் கட்டிலைக் கொண்டுவந்து போடு. நான் வரும்போது நீ அங்கே இருக்கவேண்டும். புதைக்க ஆள் வராது என்று ஒச்செரே சொன்னாராம். செத்தால் நீ நம் வீட்டிலிருந்துதான் போவாய், தெரு முழுக்க உன் பின்னால் நடந்து வரும். யாராவது வந்து உன் கட்டில் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டால், வீட்டுக்காரி போடச் சொன்னாள் என்று சொல்.

செர்வா